மாட்டுவண்டித் தண்ணீர்

18 ஜனவரி 2025, சனிக்கிழமை

பொங்கலுக்குச் சிங்கப்பூரின் இந்தியர் வட்டாரமான தேக்காவில் வாங்கிய கரும்பில் பாதி இன்னும் சமையலறை மூலையில் சாய்ந்து நிற்கிறது. கும்பகோணத்திலிருந்து வந்த நாள் முதல் எங்கள் தோ பாயோ வீட்டிலும் தேக்காவிலுமாகவே பொழுதைக் கழித்துவிட்ட அம்மாவை இன்று மாலை சைனாடவுனுக்கு அழைத்துச் சென்றேன். சீனப் புத்தாண்டுக்கு இன்னும் பதினோரு நாள்கள் இருக்கின்றன. ரயில் நிலையத்தின் மின்படிக்கட்டு நேராகப் பகோடா ஸ்திரீட்டின் தலைமாட்டில் கொண்டுபோய் விடுகிறது. பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்த அம்மா, "பக்கோடா தெருவா? அப்ப பஜ்ஜித் தெரு எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நடந்தேன். தலைக்கு மேல் தொங்கிய சிவப்புக் கூண்டு விளக்குகளையும், இரு மருங்கிலும் ஒரே மாதிரி விசிறிகளையும் காந்த பொம்மைகளையும் அடுக்கி வைத்திருந்த கடைகளையும் கடந்து தெருவின் மறுகோடிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன். சவுத் பிரிட்ஜ் ரோட்டு ஓரத்தில் மாரியம்மன் கோயில் கோபுரம் நின்றது.

அந்தக் கோபுரத்தைத்தான் பகோடா என்றார்கள். தெருவுக்குப் பெயர் வந்தது அதனால்தான். கோயிலின் மறுபக்கத்துத் தெரு டெம்பிள் ஸ்திரீட். சற்றுத் தள்ளி, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலை ஒட்டிய தெரு மாஸ்க் ஸ்திரீட். ஆக, சீனர் பேட்டையின் நட்டநடுவில் ஓடும் மூன்று தெருக்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களின் வழிபாட்டிடங்களால் பெயர் பெற்றவை. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்து, இங்கே செங்கல் சூளை வைத்து, பிறகு துணி வணிகமும் செய்த நாராயண பிள்ளைதான் 1827இல் இந்தக் கோயிலுக்கு அடிபோட்டவர். முதலில் அது வெறும் கூரைக் கொட்டகையாகத்தான் இருந்தது. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கையில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். ஊர்க்கோயிலுக்குப் போவதுபோல் அவர் போன விதத்தைப் பார்த்தபின் விளக்கத்தைத் தொடர எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும்போது இந்த இடத்துக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயரைச் சொன்னேன். 'நியூ சே ஷுய்' என்றால் மாட்டுவண்டித் தண்ணீர் என்று பொருள். மலாய்ப் பெயரான 'கிரேத்தா ஆயர்' என்பதும் தண்ணீர் வண்டியையே குறிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆன் சியாங் குன்றையொட்டிய கிணறுகளிலிருந்து மாட்டுவண்டிகளில்தான் இந்தத் தெருக்களுக்குக் குடிநீர் வந்தது. மூன்று பெயர்களில் மிக மோசமானது சைனாடவுன் என்பதே என் எண்ணம். உலகில் எத்தனையோ ஊர்களில் சைனாடவுன் உண்டு. மாட்டுவண்டித் தண்ணீர் ஒன்றுதான்.

25 ஜனவரி, சனிக்கிழமை

இன்று காலையிலேயே போய்விட்டோம். பண்டிகைச் சந்தை நடக்கும் தெருக்களில் மாலையில் கால் வைக்க இடமிருக்காது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் கட்டடத்தின் நிலத்தடி ஈரச்சந்தை காலையில்தான் உயிரோடிருக்கும் என்பது. ஸ்மித் ஸ்திரீட்டிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் நடைபாதையில் வியாபாரம் செய்தவர்களை ஓரிடத்தில் அமர்த்துவதற்காக 1983இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. நிலத்தடியில் மீன், இறைச்சி, காய்கறி. தரைத்தளத்தில் துணிமணி, பாத்திரம், பூசைப் பொருள். அதற்கு மேல் இருநூறுக்கும் அதிகமான கடைகள் கொண்ட, சிங்கப்பூரிலேயே மிகப் பெரிய உணவங்காடி. வெளியூர்க்காரர்கள் வெளியே கூண்டு விளக்கின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, வட்டாரத்து மக்கள் இதற்குள்தான் வாழ்கிறார்கள்.

சந்தையில் தவளைகளையும் ஆமைகளையும் கண்ட அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நடந்தார். காய்கறிப் பக்கம் வந்ததும் முந்தானை தானாக இறங்கியது. பண்டிகைக் காலத்தில் மட்டும் குவியும் ஒரு கிழங்கு அவரை நிறுத்தியது. பெரிய வெங்காயம்போல் உருண்டு, வெளிறிய தோலும் கொக்கின் கழுத்தைப் போல் வளைந்த ஒற்றை முளையுமாக இருக்கும் அதனைச் சிலர் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து அழகுக்காக வளர்ப்பார்கள்; பலர் மெல்லிசாகச் சீவி எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள். கடைக்காரப் பாட்டிக்கு ஆங்கிலம் வராது, அம்மாவுக்குச் சீனம் வராது. பாட்டி கால்குலேட்டரில் ஒரு தொகையைத் தட்டிக் காட்டினார். அம்மா அதை வாங்கி, அழித்து, வேறொரு தொகையைத் தட்டிக் கொடுத்தார். இப்படி நான்கு முறை அந்தக் கருவி கைமாறியது. விலைப்பட்டியல் தொங்கும் பேரங்காடிகளில் அவர் முகத்தில் நான் காணாத மலர்ச்சி ஒன்றை இன்று கண்டேன். வீட்டுக்கு வந்து கிழங்கைச் சீவிப் பொரித்தோம். நேந்திரங்காய் வறுவலைவிடச் சற்றே கசப்பு. உப்பும் மிளகாய்த்தூளும் தூவியதும் சரியாகிவிட்டது.

வெளியே தெருச்சந்தையில் நடந்ததையும் எழுதிவிட வேண்டும். கரியடுப்பில் வாட்டிய கருஞ்சிவப்புப் பாளங்களைக் கத்தரிக்கோலால் துணுக்குகளாக வெட்டி, ருசி பார்க்க நீட்டிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். பாகு காய்ச்சி ஊற்றிய ஏதோ மிட்டாய் என்று நினைத்த அம்மா கையை நீட்டிவிட்டார். பிறந்தது முதல் சைவமான அவர் வாய்க்குள் பன்றி இறைச்சி போகவிருந்தது. நான் கையைப் பிடித்த வேகத்தில் துணுக்கு தரையில் விழுந்தது. இளைஞர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பாக் குவா எனப்படும் இந்த இறைச்சியை வாங்க மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் பருவம் இது என்று முன்னமே சொல்லி வைக்காதது என் தவறு. அடுத்த கடையில் சிவப்பு மூடியிட்ட குப்பிகளுக்குள் அம்மாவுக்கு ஆறுதல் கிடைத்தது. "ஏம்மா, இது நம்ம அச்சு முறுக்குல்ல?" என்றார். நம்முடையதேதான். இங்கே அதற்குப் பூவின் பெயர்.

28 ஜனவரி, செவ்வாய்க்கிழமை

அரைநாள் வேலை. சீனர் வீடுகளில் குடும்பமே ஒன்றுகூடி உண்ணும் இரவு இது. பொருள்கள் தேங்கிவிடாமலிருக்கக் கடைசி இரவில் விலையைக் குறைத்துத் தள்ளுவார்கள் என்பதால் அம்மாவை விட்டுவிட்டு நான் மட்டும் ஒன்பது மணிக்குமேல் போனேன். டிரெங்கானு ஸ்திரீட் முனையில் முதியவர் ஒருவர் சிவப்புத் தாளில் தூரிகையால் வாழ்த்து வரிகள் எழுதிக்கொண்டிருந்தார். தூரிகையை மையில் தோய்த்து, கிண்ணத்தின் விளிம்பில் இருமுறை வழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் எழுதினார். 'ஃபூ' என்ற ஒற்றை எழுத்துக்கு நற்பேறு என்று பொருள். அதைத் தலைகீழாக ஒட்டுவது வழக்கம்; சீனத்தில் 'கவிழ்ந்தது' என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கும். நற்பேறு கவிழ்ந்துவிட்டது என்று ஒருவர் படித்தால், வந்துவிட்டது என்று வீட்டுக்காரருக்குக் கேட்கும். சிலேடையில் நம் காளமேகத்துக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

29 ஜனவரி, புதன்கிழமை

பாம்பு ஆண்டு பிறந்தது. இன்று அங்கே போவதில் பயனில்லை, பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். எதிர்வீட்டு ஹொக்கியன் சீனப் பாட்டி இரண்டு கமலா ஆரஞ்சுகளை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பெற்றுக்கொண்டு, வேறு இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டியின் பேரனுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துத் தரும் பொறுப்பை அம்மாவிடம் விட்டது வினையாயிற்று. மொய்ப் பழக்கத்தில் அவர் பதினொரு சிங்கப்பூர் வெள்ளி வைத்துவிட்டார். இங்கே நற்செயலுக்கு இரட்டைப்படைதான். அதிலும் நான்கு கூடாது, அதன் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லோடு ஒட்டியது. உறையைப் பிரித்து ஒரு வெள்ளியை எடுத்துவிட்டுக் கொடுத்தோம். "ஒத்த ரூபா வைக்காம எப்படிக் கொடுக்கறது?" என்று இரவு வரை அம்மா முனகிக்கொண்டிருந்தார்.

2 பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

சவுத் பிரிட்ஜ் ரோட்டிலேயே, மாரியம்மனிடமிருந்து சில நிமிட நடையில், 2007இல் திறக்கப்பட்ட புத்தர் பல் கோயில் இருக்கிறது. நான்காம் மாடியில் பொன்னாலான தூபியைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்துதான் பார்க்கலாம். எனக்கு அது நகைக்கடையின் பகட்டாகவே பட்டது. அம்மாவுக்குக் கீழ்த்தளத்துச் சைவ உணவுக்கூடமே பிடித்தது. பௌத்தச் சமையலில் வெங்காயமும் பூண்டும் விலக்கு என்று அறிந்ததும் அவருடைய மதிப்பில் அந்தக் கோயில் பல படிகள் உயர்ந்துவிட்டது.

வெளியே சதுக்கத்தில் முதியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காய்கள் வட்டமான மரவில்லைகள். அவை கட்டங்களுக்குள் நிற்பதில்லை, கோடுகள் வெட்டும் புள்ளிகளில் நிற்கின்றன. பலகையின் குறுக்கே ஓர் ஆறு ஓடுகிறது. யானைக்கு அந்த ஆற்றைத் தாண்ட அனுமதி இல்லை. ஆடுபவர்கள் இருவர், ஆலோசனை சொல்பவர்கள் எட்டுப் பேர். வெட்டும்போது வில்லையை வில்லையின் மேல் அறைகிற ஓசை தெருவுக்குக் கேட்கிறது. அரைமணி நேரம் நின்றோம். இந்தப் பண்டிகை நாள்களில் நான் கண்ட மிகச் சிறந்த திருவிழாக் காட்சி, விளக்கோ தோரணமோ இல்லாத இந்த மேசைதான்.

5 பிப்ரவரி, புதன்கிழமை

மறுபடியும் கரும்பு. புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன் மக்களுக்கு வானவர் கோமானின் பிறந்தநாள்; பூசை முதல்நாள் நள்ளிரவிலேயே தொடங்கிவிடும். மாலையில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸுக்கு வெளியே தோகை வெட்டாத முழுக்கரும்புகளை இரண்டிரண்டாகக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். படையெடுப்புக்குத் தப்பிய ஹொக்கியன் மக்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து கிடந்து ஒன்பதாம் நாள் வெளிவந்தார்கள் என்பது கதை. அவர்கள் மொழியில் கரும்பைக் குறிக்கும் 'கம் சியா' என்ற ஒலி நன்றியைக் குறிக்கும் சொல்லையும் நினைவூட்டுமாம். நள்ளிரவில் எதிர்வீட்டுப் பாட்டி நடைவழியில் மேசை போட்டு, இரு புறமும் கரும்பு கட்டி, ஊதுபத்தி ஏற்றினார். மூன்று வாரங்களுக்கு முன் அம்மா பொங்கல் பானைக்குக் கரும்பு சார்த்திய அதே கோணம். அம்மா கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டு, "கட்டு தளர்வா இருக்கு, சாஞ்சுடும்" என்று சொல்லி, போய் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

8 பிப்ரவரி, சனிக்கிழமை

பகோடா ஸ்திரீட்டில் பழைய கடைவீடுகளில் அமைந்த மரபுடைமை நிலையத்துக்குச் சென்றோம். 1950களில் மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அப்படியே வைத்துக் காட்டுகிறார்கள். கீழே தையற்கடை. மாடியில் ஒரு கூடத்தைப் பலகைத் தடுப்புகளால் துண்டு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு குடும்பம். எல்லாருக்குமாக ஒரே சமையலறை, சுவரெல்லாம் கரிப்புகை. சீனாவின் சான்ஷுயிலிருந்து வந்து, தலையில் மடித்துக் கட்டிய சிவப்புத் துணியோடு கட்டட வேலையில் மண்ணும் கல்லும் சுமந்த பெண்கள் இப்படிப்பட்ட தடுப்பறைகளில்தான் ஒடுங்கிக் கிடந்தார்கள். இவற்றைப் பார்த்தபின் கீழிறங்கி அதே தெருவில் விசிறிக் கடைகளைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அங்கிருந்து தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு நடந்தோம். கடலைத் தூர்க்கும்முன் அந்தத் தெருதான் கரை. தப்பிப் பிழைத்து இறங்கிய சீனர்கள் கடலன்னை மாசுவுக்கு நன்றி சொன்ன இடத்தில் 1842இல் கட்டி முடிக்கப்பட்ட தியான் ஹோக் கெங் கோயில் நிற்கிறது. அதே வரிசையில், அதைவிடப் பழைய நாகூர் தர்கா. "நாகூர் ஆண்டவர் இவ்வளவு தூரம் வந்திருக்காரா!" என்று வியந்த அம்மா, பூட்டியிருந்த கதவுக்கு முன் நின்றே கைகூப்பினார்.

12 பிப்ரவரி, புதன்கிழமை

நேற்று தைப்பூசம், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடங்களுக்குப் பின்னால் நடந்த களைப்பு கால்களில் இருக்கிறது. பால்குடம் சுமந்தவர்களில் சீனர்களும் இருந்தார்கள். இன்று புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மே, பண்டிகையின் முடிவு. இரண்டும் ஒரே முழுநிலவை நம்பி வருபவை என்பதால் இப்படி ஒட்டிக்கொள்கின்றன.

நாளை மறுநாள் விமானம். அம்மாவின் கட்டளைப்படி கடைசியாக ஒருமுறை சைனாடவுன் போனோம். பண்டிகைக் கடைகள் பிரித்தெடுக்கப்பட்டு, தெரு அகலமாகத் தெரிந்தது. காம்ப்ளெக்ஸின் தரைத்தளத்தில் மீந்துபோன சிவப்பு உறைகளைக் கட்டுக்கட்டாகக் குறைந்த விலைக்குப் போட்டிருந்தார்கள். கால்குலேட்டர் மூன்று முறை கைமாறியபின் பத்துக் கட்டுகள் பைக்குள் வந்தன. வைகாசியிலும் ஆவணியிலும் கும்பகோணத்தில் வரிசையாகக் கல்யாணங்கள் இருக்கின்றனவாம். இரட்டைப்படையாக வைக்க வேண்டுமே என்று நான் சீண்டினேன்.

"உறைதான் அவங்களோடது. உள்ள நூத்தியொண்ணுதான்" என்றார் அம்மா.