ஆவரேஜ் போட்டா எல்லாமே நல்ல பில்டிங்தான்

பில்டிங் சர்வேயர்னு சொன்னா எங்க வீட்டுலயே பாதி பேருக்கு இன்னும் புரியல, நிலம் அளக்கறவன்னு நெனச்சுக்கிட்டு கோயில் பின்னாடி கல்லு நட வர்றியான்னு கேக்கறாங்க. நான் நிலத்துப் பக்கமே போறதில்ல. கட்டி முடிச்சு பல வருஷம் ஆள் புழங்கி இப்ப ஒழுகிக்கிட்டு இருக்கற கட்டடத்துக்குள்ள டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு போயி, எங்க வெடிச்சிருக்கு, எங்க ஊறியிருக்கு, கரையான் எது வரைக்கும் தின்னுருக்குன்னு பாத்து எழுதறதுதான் வேலை. பினாங்குல பதினாலு வருஷமா இதான் எனக்கு சோறு போடுது.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி எங்க கம்பெனிக்கு ஒரு பெரிய ஜாப் வந்துச்சு. பினாங்கோட தலைநகர் ஜார்ஜ் டவுன்லயும் சுத்துவட்டாரத்துலயும் இருக்கற பழைய அரசாங்க கட்டடம் இருபது சொச்சத்த பாத்து, இத வச்சுக்கலாமா, ரிப்பேர் பண்ணலாமா, வேற எதுக்காச்சும் மாத்தலாமா, இல்ல கைய கழுவிடலாமான்னு முடிவு பண்ண ஒரு ரிப்போர்ட் குடுக்கணும். எந்த ஆபிஸ் குடுத்துச்சு எந்த கட்டடம்னு நான் சொல்ல மாட்டேன், இன்னும் அவங்க கூடதான் தொழில் பண்ணணும்.

எங்க தொழில்ல சிஎஸ்பி 1-ன்னு ஒரு மேட்ரிக்ஸ் இருக்கு, பழுதுக்கு மார்க் போடற முறை, இங்க மலேசியாவுல உருவாக்கினதுதான். ஒரு பழுத பாத்தா ரெண்டு மார்க் போடணும். எவ்வளவு மோசம்னு 1-லேருந்து 5 வரைக்கும், எவ்வளவு அவசரம்னு 1-லேருந்து 4 வரைக்கும். ரெண்டையும் பெருக்கினா அதிகபட்சம் 20. நாலு வரைக்கும் பச்சை, 5-லேருந்து 12 மஞ்சள், 13-ம் அதுக்கு மேலயும் சிவப்பு. கடைசில எல்லா மார்க்கையும் கூட்டி, எத்தன பழுது எழுதினோமோ அதால வகுத்தா மொத்த கட்டடத்துக்கும் ஒரே ஒரு நம்பர் கெடைக்கும். மீட்டிங் ரூம்ல உக்காந்திருக்கற பெரியவங்க பாக்கறது அந்த ஒரு நம்பரத்தான்.

அப்ப எங்ககிட்ட படிப்பு முடிச்ச கையோட ஒரு மலாய்க்கார பொண்ணு வேலைக்கு சேர்ந்திருந்துச்சு. ரொம்ப சின்சியர். ஒரு ரெண்டு மாடி கட்டடத்துக்கு அனுப்பினேன், ரெண்டு நாள் உக்காந்து 72 பழுது எழுதிட்டு வந்துருச்சு. அதுல 12 உண்மையிலேயே பயங்கரம், கூரை மரம் உளுத்தது, செவுரு ஊறினது, ஒவ்வொண்ணும் 15 மார்க். மீதி 60 மயிரிழை வெடிப்பு, பெயிண்ட் உரிஞ்சது, கதவு கீல் துரு, ஒவ்வொண்ணும் 2 மார்க். கூட்டினா 300. 72-ஆல வகுத்தா 4.17. எக்செல் அத ரவுண்ட் பண்ணி 4-ன்னு காட்டி கட்டத்துல பச்சை அடிச்சிருச்சு. அந்த 60-அ விட்டுட்டு 12 மட்டும் எழுதியிருந்தா ஆவரேஜ் 15, சிவப்பு. அதே கட்டடம், அதே கூரை. சோம்பேறியா சர்வே பண்ணினவன் எழுதினா இடிக்கணும், ஒழுங்கா பண்ணினவ எழுதினா ஒண்ணும் இல்லையாம். "யாங் மானா சத்து பெத்துல், என்சிக்?"னு அந்த பொண்ணு கேட்டுச்சு, எது சரி சார்னு. நான் தே ஓ, அதான் பால் போடாத டீ, வாங்கிட்டு வரேன்னு எந்திரிச்சு போயிட்டேன், பதில் தெரியாம.

அந்த கட்டடத்துக்கு அப்புறம் நானே போனேன். கீழ கவுண்டர், மேல ஃபைல் ரூம், செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு கட்டின கனமான செவுரு, மேல ஓடு. கவுண்டர்ல ஒரு தமிழ் அக்கா கெராணி, அதாவது க்ளார்க், இருபது வருஷத்துக்கு மேல அங்கதான். மேல போற மரப்படிக்கு அடில நாலு வாளி அடுக்கி வச்சிருந்தாங்க. எதுக்குக்கான்னு கேட்டா, "மழ கடல் பக்கத்துலேருந்து அடிச்சா இந்த நீல வாளி ஜன்னல் பக்கம், மல பக்கத்துலேருந்து வந்தா பெயிண்ட் டின்னு ஃபைல் அலமாரி கிட்ட, சும்மா தூறல்னா ஒண்ணும் வேணாம் தம்பி"னு சொன்னாங்க. எங்க 72 லைன் ரிப்போர்ட்ல இந்த தகவல் ஒண்ணு கூட இல்ல. அவங்க வாளி வைக்கற எடத்த கீழ குறிச்சுக்கிட்டு மேல ஏறி பாத்தேன், எல்லாமே ரெண்டு கூரை சேர்ற பள்ளத்துல மழைத்தண்ணி ஓடற கட்டருக்கு நேர் கீழ. கட்டர் முழுக்க புறா எச்சம், எலை, மண்ணு, அதுல ஒரு முழ ஒயரத்துக்கு அரசஞ்செடி.

செடிய வெட்டிடுங்கன்னு கூட வந்த கொந்திராக் (கான்ட்ராக்ட்) ஆள்கிட்ட சொன்னேன், அவரு நம்ம ஆளு. "அரசமரம் பாஸ், நான் கை வைக்க மாட்டேன், வேற ஆள பாருங்க"ன்னுட்டாரு. சிரிச்சேன், ஆனா நானும் வெட்டல. சாமி பயம்னு இல்ல, எங்க ஸ்கோப்புல அது கெடையாது. ஸ்கோப்புல இல்லாதத தொட்டா அப்புறம் ஓடு ஒடஞ்சா எங்க தலைல விழும்.

இந்த மாதிரி கட்டடத்துக்கெல்லாம் முன்ன ஒரு துக்காங் இருப்பாரு, ரிப்பேர் வேலைக்குன்னு சம்பளத்துக்கு வச்ச ஆளு. இங்கயும் ஒரு அண்ணன் இருந்தாரு, ரிட்டையர் ஆயிட்டாரு, அந்த எடத்துக்கு வேற ஆள போடல, எல்லாம் இப்ப கொந்திராக்ல போயிருச்சு. அவர தேடிப்போயி ஒரு நாசி கண்டார் கடைல உக்கார வச்சு பேசினேன். மாசம் ஒரு தடவ நானே ஏறி கட்டர கூட்டுவேன்னாரு, சரி, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ரொம்ப பெருமையா, கீழ செவுத்துல ஊறினதுக்கு நாந்தான் சிமெண்ட் பூசினேன், இரும்பு மாதிரி நிக்கும்னாரு. எனக்கு விழுங்கின சோறு தொண்டைல நின்னுச்சு. கடல் பக்கத்து மண்ணு ஈரம் உப்போட சேர்ந்து செங்கல்ல ஏறும், சுண்ணாம்பு பூச்சுன்னா அது வழியா ஈரம் வெளிய போயிரும், பூச்சு உதுரும், உதுந்தத திரும்ப பூசணும், அவ்வளவுதான் கத. மேல சிமெண்ட போட்டு அடச்சிட்டா ஈரத்துக்கு போக வழியில்லாம இன்னும் ஒசர ஏறும். அந்த செவுத்துல அப்படித்தான் ஏறி முதல் மாடி உத்தரத்தோட முனைய தொட்டிருந்துச்சு. அந்த 12 சிவப்புல ரெண்டு பழுது அந்த அண்ணனோட கைவண்ணம். நான் அவர்கிட்ட சொல்லல. எழுவது வயசு மனுஷன், காசையும் அவரே குடுத்துட்டாரு.

ஏன் ஒருத்தரும் கட்டர கூட்டலன்னு விசாரிச்சுட்டுப் போனப்பதான் இந்த தொழில்ல எனக்கு உண்மையிலேயே ஒண்ணு புரிஞ்சுச்சு. அரசாங்க காசு ரெண்டு பையில வருது, ஒண்ணு மெங்குருஸ், தெனசரி செலவுக்கு, இன்னொண்ணு பெம்பாங்குனான், புதுசா கட்டறதுக்கும் பெரிய வேலைக்கும். கட்டர் கூட்டறது மொத பைல. அந்த பை எப்பவும் இறுக்கம், வருஷ நடுவுல கொறைக்கணும்னா மொத கத்தி அங்கதான், ஏன்னா கட்டர் கூட்டலன்னு பேப்பர்ல யாரும் போட மாட்டாங்க, கூட்டினதுக்கு ரிப்பன் வெட்ட யாரையும் கூப்பிடவும் முடியாது. ஆனா கூரையே எறங்கற நெலைக்கு வந்துட்டா அது ப்ராஜெக்ட் ஆயிடுது, ரெண்டாவது பையிலேருந்து பெரிய தொகை கேக்கலாம், போர்டு வைக்கலாம். நல்லா இருக்கற கட்டடத்துக்கு காசு கெடைக்காது, கெட்டுப் போச்சுன்னா கெடைக்கும். இதுல யாரு மேல கோவப்படறது, கவுண்டருக்கு பின்னாடி இருக்கறவங்க எல்லாம் நல்லவங்கதான்.

2017 நவம்பர் 4 ராத்திரி பினாங்குல அடிச்ச மழையும் காத்தும் இங்க யாருக்கும் மறக்காது. அந்த ஒரு ராத்திரில நாலு வாளியும் பத்தல, மேல ஃபைல் ரூம்ல சீலிங் எறங்கிருச்சுன்னு அக்கா சொன்னாங்க. நான் சர்வே பண்ணப்போ அந்த எடத்துல நீல கேன்வாஸ் கட்டி வச்சிருந்தாங்க, தற்காலிகமா. அந்த கேன்வாஸே கிழிஞ்சு போயிருந்துச்சு.

பழைய கட்டடம்னா எல்லாரும் தூண் வச்ச வெள்ளக்காரன் காலத்து கட்டடத்தத்தான் நெனைக்கறாங்க. எஸ்பிளனேட்ல இருக்கற சிட்டி ஹால பாருங்க, 1903-ல முடிஞ்சது, இன்னமும் கவுன்சில் கூடற எடம், ஆள் புழங்கறதால ஒழுகினா அன்னைக்கே யாராச்சும் கத்துவாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கறது கொம்தார் மாதிரி கட்டடம்தான். 1974-ல வேல ஆரம்பிச்சு, நடுவுல 1983-ல தீப்பிடிச்சு, எண்பதுகளோட நடுவுல முடிச்ச 65 மாடி கோபுரம். அதுக்காக எடுத்த எடத்துல இருந்த பழைய கடவீடெல்லாம் போச்சு, இப்ப அதுவே பழசு. சின்ன வயசுல அப்பா கைய புடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்த கட்டடம், அதுக்கு வயசாகும்னு யாருக்கு தோணுச்சு. சுண்ணாம்பு செவுரு ஒரு மூலைல கெட்டா ஒரு மூலைய சரி பண்ணிக்கலாம். ஒயர கான்கிரீட் கட்டடத்துல லிஃப்டு, ஏர்கான் சில்லர், வயரிங், தண்ணி பைப் எல்லாம் ஒரே காலத்துல போட்டது, ஒரே காலத்துல சாகும், அதுவும் மாநில அரசாங்க ஆபிஸ் உள்ள நடந்துக்கிட்டே இருக்கும்போது மாத்தணும்.

ஒரு வகைல ஒயர கட்டடத்துக்கு சட்டம் இருக்கு. 1993-ல கோலாலம்பூர் பக்கத்துல ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடில ஒரு ப்ளாக் சாஞ்சு 48 பேர் செத்தாங்க இல்லையா, அதுக்கு அப்புறம் கட்டடச் சட்டத்துல 85ஏ-ன்னு ஒரு செக்‌ஷன் சேத்தாங்க, அஞ்சு மாடிக்கு மேல போனா பத்தாவது வருஷத்துக்கு அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன், அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவ. எங்க லிஸ்ட்ல இருந்தது முக்காவாசி ரெண்டு மாடி மூணு மாடி. அது எதுவும் இதுல வராது.

ரிப்போர்ட் மீட்டிங் ஒரு வெள்ளிக்கிழமை காலைல. ஸ்லைடு ஓடுது, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு போட்டோ, ஒரு கலர், "எதிர்கால பயன்பாடு"ன்னு ஒரு கட்டம். பாதி கட்டத்துல பூட்டிக் ஹோட்டல், மீதில கேலரி, கஃபே. 2008-ல ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவோட உலக பாரம்பரிய பட்டியல்ல வந்ததுலேருந்து இந்த மூணு வார்த்தைய தவிர வேற எதுவுமே எங்க ஊருல யாருக்கும் தோண மாட்டேங்குது. ஹோட்டல் கெட்டதுன்னு சொல்லல, கூரைக்கு காசு போட அவங்களாச்சும் இருக்காங்க. கோலாலம்பூர்ல பழைய புடு ஜெயில 2010-ல இடிக்க ஆரம்பிச்சு இப்ப வாசல் மட்டும் மாலுக்கு முன்னாடி நிக்குது, அத பாத்துட்டு ஹோட்டல திட்ட எனக்கு மனசு வரல. ஆனா மாசா மாசம் பென்ஷன் பேப்பரோட அந்த கவுண்டருக்கு நடந்து வர்ற கெழவங்க எங்க போவாங்கன்னு அந்த கட்டத்துல எழுத எடமே விடல.

எங்க ரெண்டு மாடி கட்டடம் வந்தப்போ ஸ்லைடு பச்சையா இருந்துச்சு. நான் எந்திரிச்சு, துவான், இந்த நம்பர நம்பாதீங்க, இது ஆவரேஜ், உள்ள 12 சிவப்பு இருக்கு, கட்டர மட்டும் இப்ப பாத்தா மீதிக்கு டைம் கெடைக்கும்னு சொன்னேன். நான் எதிர்பாத்தது அவசர வேலைக்கு ஒரு சின்ன தொகை. தலைவர் நல்லா கேட்டுக்கிட்டாரு. பக்கத்துல இருந்த ஃபைனான்ஸ் ஆளுகிட்ட குனிஞ்சு பேசினாரு. 12 சிவப்பா, அப்ப ஆள வச்சிருக்கறது ஆபத்து, மொதல்ல காலி பண்ணிடுங்கன்னு முடிவாச்சு. மூணு மாசத்துல ஆபிஸ் ஒரு வாடகை ஷாப்லாட்டுக்கு போயிருச்சு. வாடகைக்கு மட்டும் மெங்குருஸ்ல தனி கோடு இருக்கு, அது வருஷா வருஷம் வெட்டுப்படாம வருது. ஒரு மாச வாடகைல அந்த கட்டர வருஷம் முழுக்க கூட்டலாம், நான் கணக்கு போட்டே பாத்தேன். நான் வாய தொறக்காம இருந்திருந்தா பச்சைன்னே விட்டிருப்பாங்க, ஆளும் வாளியும் அங்கயே இருந்திருக்கும், அத யோசிச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

அதுக்கப்புறம் எங்க டெம்ப்ளேட்ட மாத்திட்டேன். ஆவரேஜ் வரிய தூக்கிட்டு, மோசமான அஞ்ச மட்டும் மேல போட்டு, பக்கத்துல கூரைக்கு யாரு ஏறுவா, எத்தன மாசத்துக்கு ஒரு தடவன்னு ஒரு தனி கட்டம் சேத்தேன். அடுத்த ஜாப்லயே ஆபிசர் ஃபோன் பண்ணி, ஓவரால் ஸ்கோர் எங்க, அது இல்லாம சிஸ்டத்துல கீ இன் பண்ண முடியாதுன்னாரு. போட்டு குடுத்தேன். அந்த புது கட்டத்துல பாதி கட்டடத்துக்கு வெறும் கோடுதான் இருக்கு.

அந்த பக்கம் போகும்போதெல்லாம் வண்டிய கொஞ்சம் மெதுவா ஓட்டிப் பாப்பேன். கீழ ஜிங்க் தகரம் அடிச்சிருக்காங்க. அரசஞ்செடி இப்ப ரோட்டுலேருந்தே தெரியுது, வேரு செவுத்துக்குள்ள எறங்கிருக்கும், இனிமே புடுங்கினா செங்கல்லும் சேந்துதான் வரும். போன மாசம் லிட்டில் இந்தியால கெராணி அக்காவ பாத்தேன், புது ஆபிஸ் எப்படிக்கா இருக்குன்னு கேட்டேன். ஏர்கான் சொட்டுது தம்பி, நல்லவேள அந்த நீல வாளிய கையோட எடுத்துட்டு வந்துட்டேன்னாங்க.