மார்கழிப் பனியில் ஏலகிரி: நாயோடு நடக்கப் போகிறவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் ஏலகிரியை மூடிக்கொண்டு நிற்பது மழை மேகம். நாம் தேடிப் போகும் பனி அது இல்லை. மார்கழி பாதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுக்கும். மண்ணில் மட்டும் ஈரம் மிச்சமிருக்கும், காற்றும் அடங்கிவிடும். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை விட்டுவிட்டுக் குளிர, அதையொட்டிய காற்றிலுள்ள ஈரம் மூடுபனியாகிறது. ஏலகிரி சுற்றிலும் குன்றுகள் சூழ்ந்த மேட்டுநிலம். உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர். சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கி நடுவிலுள்ள பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் விடியற்காலையில் ஏரிக்கரையில் பல் கிட்டும் குளிர் இருக்க, கொஞ்சம் மேட்டில் ஏறி நின்றால் வெதுவெதுப்பாகத் தெரியும். தை முடியும்வரை இந்தப் பனி நம்பிப் போகக்கூடியது.

நண்பர்கள் மட்டும் போவதென்றால் எப்போது கிளம்பினாலும் பாதகமில்லை. நாயும் வருகிறதென்றால் கிளம்பும் நேரம், நடக்கும் பாதை, திரும்பும் நேரம் எல்லாவற்றையும் நாயை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காரணம் ஊசிப்புல்.

வடாற்காட்டு மலைகளில் வறண்ட சரிவு, பாதையோரம், தரிசு எங்கும் இந்தப் புல் உண்டு. பனிக்காலத்தில்தான் இதன் விதை முற்றி உதிரும். விதையின் முனை ஊசிபோல் கூர். முனையைச் சுற்றிப் பின்னோக்கிப் படிந்த நுண்மயிர் இருப்பதால் உள்ளே போனது திரும்பி வராது. வால் போன்ற நீண்ட இழை ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கே விதையை மண்ணுக்குள் துளைத்து இறக்குகிறது. மண்ணுக்குப் பதில் நாயின் தோல் கிடைத்தாலும் அதே வேலையைச் செய்யும். இதைப் புரிந்துகொண்டால் நேரக் கணக்கு தானே வந்துவிடும். விடியலில் புல் நனைந்து கிடக்கும்போது நாயின் ரோமத்தில் ஒட்டுகிற விதை, ஏழரை எட்டு மணிக்கு வெயில் பட்டு ரோமம் உலரும்போது துளைக்கத் தொடங்குகிறது. ஆகவே பனியில் நடந்து முடித்ததும், நாய் உலர்வதற்கு முன்பே சீப்பை எடுத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி விதை தோலுக்குள் இருக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: கால்விரல் இடுக்கு, அக்குள், தொடையிடுக்கு, காது மடலின் உள்பக்கம், பெல்ட்டுக்கு அடியில் கழுத்து. பல் நெருக்கமான இரும்புச் சீப்பால் ரோமம் படிந்த திசையிலேயே வார வேண்டும். குத்தி நிற்கும் விதையைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நுழைந்த கோட்டிலேயே நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முனை முறிந்து உள்ளே தங்கும். நாய் ஒரு பக்கமாகவே தலையை உதறிக்கொண்டிருந்தால் விதை காதுக்குள் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு, எண்ணெய், குச்சி எதையும் உள்ளே விடாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஓரிரு நாள் கழித்து விரலிடுக்கில் கொப்புளம் கிளம்பி நாய் அதையே நக்கிக்கொண்டிருந்தாலும் இதே சந்தேகம்தான். கோல்டன் ரெட்ரீவர் மாதிரி நீண்ட ரோமக்காரர்களுக்கு விரலிடுக்கு முடியை முந்தின நாளே கத்தரித்துவிடுவது நல்லது.

எனவே எங்கள் ஏற்பாடு இப்படி. ஆறேகாலுக்கு வெளிச்சம் தட்டும்போது கிளம்புவது. பனி கெட்டியாக இருக்கும் நேரத்தில் தார்ச்சாலையும் ஊராட்சிப் பாதையுமாக ஆத்தனாவூரிலிருந்து நிலாவூர்ப் பக்கம் நடப்பது. எட்டரைக்குள் நிழலில் உட்கார்ந்து நாயை வாருவது. புங்கனூர் ஏரியை விட நிலாவூர் ஏரிப் பக்கம் அமைதி அதிகம். முன்னதில் பொழுது ஏறினால் சுற்றுலா வண்டிகள் நெருக்கும். சுவாமிமலை உச்சிக்கு மங்கலத்திலிருந்து ஏறும் பாதை காட்டுப்பாதை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு, காட்டுக்குள் நடக்கும் விதிகள் தமிழ்நாடு முழுக்க இறுகிவிட்டன. அனுமதி வாங்கிப் போகலாம், ஆனால் நாயை விட்டுவிட்டுப் போங்கள். காட்டில் நாய்க்கு இடமில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நாயிடமிருந்து காட்டு விலங்குக்கு நோய் தொற்றும். முயலைக் கண்டு சிப்பிப்பாறை வேட்டைநாய் பாய்ந்துவிட்டால் அது வனக் குற்றமாகிவிடும்.

பனியில் கயிறு கட்டாயம். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை நீளமுள்ள பருத்திக் கயிறோ பட்டைக் கயிறோ போதும். பொத்தானை அமுக்கினால் நீளும் கயிறு வேண்டாம். பனியில் நாய் எங்கே நிற்கிறதென்று தெரியாமல் அது மரத்தைச் சுற்றிக்கொள்ளும். ஓர் ஆளுக்கு ஒரு நாய் மட்டும். முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் வெறுங்கையாக இருந்தால் வழியும் பார்க்கலாம், எதிரே வரும் ஊர் நாயையும் சமாளிக்கலாம். முன்னவர் முதுகு மறைந்தால் அங்கேயே நின்று விசில் ஊதுவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பனிக்குள் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று சரியாகப் பிடிபடாது. தேடிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவதால்தான் கூட்டம் சிதறுகிறது.

"நாயக் கவுறு போட்டுப் புடிச்சிக்கோ நைனா" என்று நிலத்துக்காரப் பெரியவர் சொன்னால் அதில் வெறும் கோபம் இல்லை. காட்டுப்பன்றிக்காக வரப்போரம் சுருக்குக் கம்பி வைத்திருக்கலாம். அதைவிடக் கொடியது அவுட்டுக்காய்: தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து போட்டிருப்பார்கள், வாயில் கவ்விக் கடித்ததும் வெடிக்கும். இரண்டும் சட்டவிரோதம், ஆனாலும் காட்டோரக் கொல்லைகளில் இந்த ஆபத்து உண்டு. மோப்பம் பிடித்துக்கொண்டே போகும் நாய்க்குத்தான் முதல் ஆபத்து. கீழே கிடக்கும் எதையும் வாயில் எடுக்கவிடாமல் பழக்கிய நாயை மட்டும் கூட்டி வாருங்கள்.

கரடி விஷயமும் இதோடு சேர்ந்தது. இந்த மலைகளில் கரடி உண்டு, பனிக்காலத்தில் பழுக்கும் இலந்தை அதற்குப் பிடித்த தீனி. அவிழ்த்துவிட்ட நாய் கரடியைக் குரைத்துச் சீண்டும், அது திருப்பித் துரத்தினால் நேரே எசமானின் காலடிக்கு ஓடி வரும். நாயின் பின்னாலேயே கரடியும் வரும். வெளிச்சம் முழுதாக வராத நேரத்தில் இலந்தைப் புதர் மண்டிய சரிவுப் பக்கம் போகாமல் இருப்பதே இதற்கு வழி.

குளிர் எல்லா நாயையும் ஒரே மாதிரி தாக்காது. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை மெலிந்த உடலும் குறுகிய ரோமமும் கொண்டவை, நின்றால் நடுங்கும். அவற்றுக்குப் பழைய பனியனை வெட்டி மாட்டினாலே போதும், ஆனால் அது நனைந்ததும் கழற்றிவிட வேண்டும். ஈரத் துணி குளிரைக் கூட்டும். லாப்ரடாருக்கு நேர்மாறு. பனியில் உற்சாகமாக ஓடும், பத்து மணி வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடும். பாறையில் புறங்கையை வைத்து ஏழு வினாடி பொறுக்க முடியவில்லை என்றால் அங்கே நாயின் காலும் பொறுக்காது. தண்ணீர் 20 கிலோ நாய்க்கு மூன்று மணி நேர நடைக்கு ஒரு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். குளிராக இருக்கிறதென்று நாய் குடிக்காமல் இருக்கும், அரைமணிக்கு ஒருமுறை நீங்களே காட்ட வேண்டும். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களை மலைக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

வேலூரிலிருந்து வருகிறவர்கள் அதிகாலையில் கிளம்பிப் பனியைப் பிடிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். அதே பனி பெங்களூர் நெடுஞ்சாலையிலும் பாலாற்றை ஒட்டி இறங்கியிருக்கும். முந்தின நாள் மாலையே மேலே போய்த் தங்குவது நல்லது. தங்குமிடத்தில் நாயை விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பொன்னேரியில் திரும்பியதும் 14 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே நாயின் சாப்பாட்டை நிறுத்தினால் வாந்தி இருக்காது. திரும்பும்போது ஆம்பூரில் பிரியாணி வாங்குவீர்கள். மிச்ச எலும்பை மட்டும் நாய்க்குப் போடாதீர்கள். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணியிலுள்ள வெங்காயமும் நாய்க்கு நஞ்சு.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதியைக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். ஊர் நாய் உங்களையோ உங்கள் நாயையோ கடித்தால் அங்கேயே 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உண்ணியையும் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக எடுங்கள், மண்ணெண்ணெய் வைத்தியம் வேண்டாம். நாம் பூசிக்கொள்ளும் பூச்சிவிரட்டிக் களிம்பை நாய்க்குத் தடவக் கூடாது, நக்கிவிடும்.

மனிதருக்கு இந்தப் பருவத்தில் கவனிக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. வேலூர் வட்டாரத்தில் குளிர்மாதங்களில் இது கூடும். முழுக்கால் சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், புல்லில் உட்காராதீர்கள், திரும்பியதும் சூடான நீரில் குளித்து உடுப்பைத் துவைக்கப் போடுங்கள். ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலைப்புதரில் நடந்த விஷயத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உரிய மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.