வேத்ராவும் நெகய்ஸும்

லாட்வியாவின் தலைநகரான ரீகாவில் நான் வேலை பார்த்த நிறுவனம் ஒரு வானிலைச் செயலியை நடத்திவந்தது. அதில் வரும் சொற்கள் எல்லாம் ஓர் எக்செல் தாளில் இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் லாட்விய மொழி. அந்தத் தாளுக்குக் காவல்காரன் நான். ஒரு சொல்லுக்கு ஒரே மொழிபெயர்ப்புதான் என்பதில் எனக்கு அசாத்தியப் பிடிவாதம். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வரிகளில் வந்தால் யாரையும் கேட்காமல் ஒன்றை அழித்துவிடுவேன்.

ஒரு ஜூலை மாலையில் அதற்குப் பலன் கிடைத்தது. இடி, மின்னல், கொட்டும் மழை. செயலி 'வேத்ரா' என்று எச்சரித்தது. சற்று நேரத்தில் ஒரு பெண்மணியிடமிருந்து புகார் வந்தது: "தோட்டத்து நாற்காலிகளை எல்லாம் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். காற்றே இல்லையே! இது நெகய்ஸ்."

ஆங்கிலத்தின் 'ஸ்டார்ம்' எல்லாவற்றுக்கும் பொதுவான வால். முன்னால் இடியைச் சேர்த்தால் தண்டர்ஸ்டார்ம், பனியைச் சேர்த்தால் ஸ்னோஸ்டார்ம். எங்கள் செயலியில் இடமில்லாததால் முன்பாதியை வெட்டிவிட்டு வெறும் 'ஸ்டார்ம்' என்று வைத்திருந்தோம். லாட்விய மொழியில் அப்படி ஒரு பொது வால் இல்லை. வேத்ரா என்றால் காற்று, அதுவும் வினாடிக்கு 20.8 மீட்டரைத் தாண்டிய காற்று. இடியோடு வருவது நெகய்ஸ். 'கய்ஸ்' என்றால் அந்த மொழியில் காற்றுவெளி, 'நெ' எதிர்மறை. பனியை வாரியடித்துக்கொண்டு வருவது புத்தெனிஸ். தூசு பறப்பதற்கான வினைச்சொல்லிலிருந்து வந்தது. ஜனவரியில் ரீகா வீதியில் ஒருமுறை நடந்து பார்த்தவருக்கு அந்தப் பொருத்தம் புரியும். பனி அங்கே விழுவதில்லை, புழுதி மாதிரி கிடைவாக வந்து கண்ணில் அப்புகிறது.

வெட்கம் என்னவென்றால், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடி மின்னலோடு பெய்யும் கோடை மழையைத் தமிழில் யாராவது புயல் என்பார்களா? நாகப்பட்டினத்துக்காரனான நான் ஒருநாளும் சொன்னதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்ததும் ஆங்கிலத்தில் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் 'ஹரிக்கேன்'. தாளில் அதற்கு நேரே வியெசுல்வேத்ரா என்று இருந்தது. சுழற்காற்றுக்கான வியெசுலிஸும் வேத்ராவும் சேர்ந்த சொல். (வியெசிஸ் என்றால் விருந்தாளி என்று படித்திருந்ததால், இதை நான் வெகுநாள் விருந்தாளிப் புயல் என்றே நினைத்திருந்தேன்.) கத்ரீனா போன்ற அட்லாண்டிக் புயல்களை லாட்விய நாளிதழ்கள் அப்படித்தான் எழுதும். ஆனால் காற்றின் வேகத்தைப் படிகளாகப் பிரிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலின் 12-ஆவது படிக்கும், அதாவது வினாடிக்கு 32.7 மீட்டரும் அதற்கு மேலும் வீசும் காற்றுக்கும், ஆங்கிலத்தில் அதே பெயர். எங்கள் மொழிபெயர்ப்பாளர் பால்டிக் கடலுக்கான மாதிரி எச்சரிக்கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "லியெபாயா துறைமுகத்துக்குக் கரீபியக் கடலைக் கொண்டுவந்துவிட்டீர்கள். இங்கே வருவது ஒர்கான்ஸ்."

வேடிக்கை, ஒர்கான்ஸும் ஹரிக்கேனும் உடன்பிறப்புகள். கரீபியத் தீவுகளின் தாயினோ மக்களிடமிருந்து ஸ்பானியர்கள் எடுத்துக்கொண்ட சொல் ஒரு பக்கம் ஆங்கிலத்துக்குப் போனது; இன்னொரு பக்கம் டச்சு, ஜெர்மன் வழியாகப் பால்டிக் கரைக்கு வந்தது. வரும் வழியில் வெப்பமண்டலத்தையும் சுழலையும் உதறிவிட்டு வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

மொழிபெயர்ப்பாளர் 2005 ஜனவரி 8, 9 தேதிகளில் அடித்த வேத்ராவைப் பார்த்தவர். அதை நார்வேக்காரர்கள் குத்ருன் என்றும் ஜெர்மானியர்கள் எர்வின் என்றும் அழைத்தார்கள். "எங்களுக்கு அது 2005 வேத்ரா, வேறு பெயர் வேண்டியதில்லை" என்றார். மேற்குக் கரையில் அவருடைய பாட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்த பைன் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தனவாம். எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்பதைவிட, மறுநாள் காலையில் அந்த இடத்தில் வானம் தெரிந்ததுதான் அவருக்கு நினைவிருக்கிறது.

பிறகு தாளைப் பிரித்தோம். நான் அழித்த வரிகள் எல்லாம் திரும்பி வந்தன. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: 'சன்னலுக்கு வெளியே என்ன தெரியும்?' மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாக நிரப்பினார். நெகய்ஸுக்கு நேரே 'மின்னல். நாய் கட்டிலுக்கு அடியில்' என்றும், வேத்ராவுக்கு நேரே 'நாற்காலியை உள்ளே எடு' என்றும், ஒர்கான்ஸுக்கு நேரே 'மரம் இருந்த இடம்' என்றும் எழுதினார். வியெசுல்வேத்ராவுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'தொலைக்காட்சியில்' என்று எழுதினார்.