சுள்ளிகளால் ஓர் உடை

சுள்ளிக் குவியல் ஒன்று எழுந்து ஆடுகிறது. இன்று பஸ்ஸில் வரும்போது கைப்பேசியில் பார்த்த வீடியோ. உள்ளே இருப்பவர் ஆணா பெண்ணா, என்ன நிறம், எதுவும் தெரியவில்லை. சலசலவென்ற சத்தம் மட்டும்.

சிகாகோ கலைஞர் நிக் கேவ் உருவாக்கிய ‘சவுண்ட்சூட்’, அதாவது சத்தம் எழுப்பும் உடை அது.

1991-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய காட்சி, தானும் கறுப்பினத்தவரான கேவை உலுக்கியது. பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது தரையில் ஒரு சுள்ளி கண்ணில் பட்டது. யாருக்கும் வேண்டாத பொருள். நிறையப் பொறுக்கி வந்து, சிறு துண்டுகளாக நறுக்கி, துளையிட்டு, துணியில் பொருத்தினார். சிற்பம் செய்வதாகத்தான் நினைத்தாராம். போட்டுப் பார்த்தால் சத்தம்!

அந்தத் துளையிடும் வேலையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு கோபம், எவ்வளவு பொறுமை.

அப்புறம் பொத்தான், ஜிகினா, பழைய பொம்மை என்று 500-க்கும் மேல் செய்துவிட்டார். தையலோடு நடனமும் கற்றவர். அதனால்தான் இந்த உடைகள் மியூசியத்தில் அசையாமல் நிற்கும்போது பாதிதான் தெரிகின்றன என்று எனக்குப் படுகிறது.

2013-இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ராஃபியா என்ற பனை வகை நாரால் செய்த 30 குதிரை உடைகளை ஆடவிட்டார். ரயில் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. அதை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஏக்கமாக இருக்கிறது.