சிரிக்காத மூன்று பெண்கள்: ஷுகபேப்ஸ் குழுவின் ‘ஒன் டச்’

2000ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் பிரிட்டனின் புகழ்பெற்ற பெண்கள் பாப் குழுவான ஸ்பைஸ் கேர்ள்ஸின் மூன்றாவது ஆல்பமான ‘ஃபாரெவர்’ வெளிவந்தது. அதே மாதம் 27ஆம் தேதி, லண்டனைச் சேர்ந்த பதின்வயதுப் பெண்கள் மூவர் ஷுகபேப்ஸ் என்ற பெயரில் ‘ஒன் டச்’ என்ற தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டனர். முன்னதை நான் ஒரு முறை முழுமையாகக் கேட்டதோடு சரி. பின்னதை இன்றும் இரவு நேரங்களில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஷிவோன் டோனகி, கீஷா புகானன் இருவருக்கும் அப்போது வயது 16; முட்யா புவேனாவுக்கு 15. (முட்யாவின் தந்தை பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். தகலோக் மொழியில் ‘முட்யா’ என்றால் முத்து என்று பொருள்; நம் காதுக்கு அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.) 1998இல் குழு உருவானபோது வைத்த பெயர் ஷுகபேபீஸ். அதிலிருந்த குழந்தைத்தனம் உறுத்தியதால்தான் அது ஷுகபேப்ஸ் ஆனது. பெயரைத் திருத்தியவர்கள் பாட்டையும் அதற்கேற்றபடி அமைத்தார்கள் என்பதில்தான் இந்த ஆல்பத்தின் தனித்தன்மை இருக்கிறது.

அக்காலத்துப் பிரிட்டிஷ் பாப் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பளிச்சென்ற உடைகள், ஒரே அச்சில் வார்த்த நடன அசைவுகள், கேமராவைக் கண்டதும் மலரும் சிரிப்பு. ‘ஓவர்லோட்’ பாடலின் வீடியோவில் இந்த மூவரும் சிரிக்கவே இல்லை. ஏதோ பேருந்துக்காகக் காத்திருப்பவர்களைப் போல நின்று பாடுகிறார்கள். அந்த அலட்சியம் பாட்டுக்குள்ளும் இருக்கிறது. பேஸ் கிதாரும் தாளமும் மட்டுமே பெரும்பகுதியைத் தாங்கிச் செல்கின்றன. பல்லவி வரும்போது வழக்கமான பாப் பாடல்களைப் போல வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து வெடிப்பதில்லை, மூன்று குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, அவ்வளவுதான். பிறகு, யாரும் எதிர்பாராத இடத்தில், 1960களின் ‘சர்ஃப்’ (கடலலைச் சறுக்கு) இசையை நினைவூட்டும் ஒரு கிதார் தனி ஆவர்த்தனம். இளம்பெண்கள் பாடும் பாப் பாடலில் அதை வைக்கத் துணிச்சல் வேண்டும். செப்டம்பரில் தனிப்பாடலாக வந்த ‘ஓவர்லோட்’ பிரிட்டிஷ் தரவரிசையில் 6ஆம் இடத்தைத் தொட்டு, அடுத்த ஆண்டு பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

இந்த ஓசையின் பின்னணியில் இசைத் தயாரிப்பாளர் கேமரன் மக்வே இருந்தார் என்பதை அறிந்தபோது எனக்குப் பல விஷயங்கள் புரிந்தன. மெதுவான தாளத்துக்கும் இருண்ட ஓசைக்கும் பெயர்பெற்ற மாசிவ் அட்டாக் குழுவின் ‘ப்ளூ லைன்ஸ்’ ஆல்பத்தின் உருவாக்கத்தில் பங்கு வகித்தவர் அவர். ஜோனி ராக்ஸ்டார், பால் சிம் ஆகியோருடன் சேர்ந்து அவர் அமைத்த பாடல்களில் மௌனத்துக்கும் இடம் விடப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பாடல்களை எழுதுவதில் அப்பெண்களுக்கும் பங்கு உண்டு. அந்த வயதுக்குரிய மனச்சோர்வு பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததாக ஒலிக்காததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

குரல்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முட்யாவினுடையது அடித்தொண்டையிலிருந்து புகைந்து எழும் குரல். பதினைந்து வயதில் அப்படியொரு கனம் எப்படி வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. கீஷா பிருகாக்களை அனாயாசமாக உதிர்ப்பவர். ஷிவோனின் குரல் மெல்லியது, சற்றே விலகி நிற்பது. ‘ரன் ஃபார் கவர்’ பாடலில் இந்த மூன்று குரல்களும் சேருமிடத்தில் எது யாருடையது என்று பிரித்தறிய முடிகிறது, ஆனால் எதையும் நீக்கிவிட்டுக் கேட்க முடிவதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு வெளியான ‘நியூ இயர்’, பண்டிகைக் காலத்தில் முறிந்துபோன காதலைப் பற்றியது. மணியோசையோ குதூகலமோ இல்லாத பண்டிகைப் பாடல்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பாடல்களில், நடுவில் வரும் சில ஒன்றோடொன்று கலந்து தேய்ந்துவிடுகின்றன. ‘சோல் சவுண்ட்’ எனக்கு எப்போதுமே கொஞ்சம் அலுப்புத் தட்டும். தனிப்பாடலாக வந்தபோது அது 30ஆம் இடத்தோடு நின்றதில் வியப்பில்லை.

அப்போது ஆல்பம் பிரிட்டிஷ் தரவரிசையில் 26ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 2001 ஆகஸ்டில், ஜப்பான் பயணத்தின் நடுவே ஷிவோன் குழுவிலிருந்து விலகினார். ஆல்பத்தை வெளியிட்ட லண்டன் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் குழுவைக் கைவிட்டது. ஷிவோனின் இடத்தில் ஹைடி ரேஞ்ச் இணைந்த பிறகு, 2002இல் ‘ஃப்ரீக் லைக் மீ’ பாடல் முதலிடத்தைப் பிடித்தது, குழுவின் புகழ் அங்கிருந்துதான் வளர்ந்தது. பின்னர் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மாறி, 2009இல் கீஷாவும் வெளியேறியபோது, தொடக்கத்தில் இருந்த மூவரில் ஒருவர்கூட இல்லாமல் அந்தப் பெயர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

மூவரும் மீண்டும் சேர்ந்து பாடத் தொடங்கியபோது முதலில் தங்கள் பெயரின் முதலெழுத்துகளையே குழுவின் பெயராக வைத்துக்கொண்டார்கள். பழைய பெயர் திரும்பக் கிடைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. 2021இல் ‘ஒன் டச்’ இருபதாம் ஆண்டுப் பதிப்பாக மறுபடி வெளிவந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் அவர்கள் பாடிய கூடாரத்தில், கூட்டம் தாங்காமல் மேற்கொண்டு யாரையும் உள்ளே விடாமல் நிறுத்த வேண்டியிருந்தது. அந்நிகழ்ச்சியின் காணொளியில் முட்யா ‘ஓவர்லோட்’ பாடும்போது கவனித்தேன்: அப்போதும் அவர் அதிகம் சிரிக்கவில்லை.