பளபளப்புக்கு ஒரு சீலர், பாதுகாப்புக்கு வேறு சீலர்

கான்கிரீட்டைக் காக்கப் பூசும் சீலர் வாங்குவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து, கான்கிரீட் தளத்தில் நாலைந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்துப்போனால் தளம் திறந்தே கிடக்கிறது, சீலர் தேவை. முத்து முத்தாகத் திரண்டு நின்றால் முன்பே யாரோ எதையோ பூசியிருக்கிறார்கள், அல்லது எண்ணெய் ஊறியிருக்கிறது. ஒரே தளத்தில் இரண்டும் நடந்தால் வேலை அதிகம் என்று அர்த்தம். பழைய பூச்சு பாதி போய் பாதி இருக்கிறது. அதை முழுக்க எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

கான்கிரீட் கலக்கும்போது சிமெண்டுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே தண்ணீர் சேர்க்கிறோம், இல்லாவிட்டால் பரப்ப வராது. அந்த உபரித் தண்ணீர் வெளியேறிய வழிகள்தான் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக நின்றுவிடுகின்றன. மழைநீர், எண்ணெய், உப்பு எல்லாம் இறங்குவது அந்த வழியாகத்தான். உறைபனி விழும் இடங்களில் உள்ளே தேங்கிய நீர் பனிக்கட்டியாகும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் விரிந்து மேல்தோலைச் செதில் செதிலாகப் பெயர்க்கிறது. பனியே இல்லாத இடத்தில் வேறு தொல்லை: உப்பு கலந்த ஈரம் கம்பி வரை போய்விட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்து விழும். இதைத் தள்ளிப்போடுவதுதான் சீலரின் வேலை.

கடைகளில் எல்லாவற்றையும் 'சீலர்' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். அடிப்படையில் இரண்டு குடும்பம். ஒன்று உள்ளே ஊடுருவுவது, மற்றது மேலே படலமாக நிற்பது.

ஊடுருவும் வகையில் சிலேன், சிலாக்சேன் இரண்டும் முக்கியம். இவை நுண்துளைச் சுவர்களோடு வேதிவினை புரிந்து, தண்ணீர் ஒட்டாத தன்மையைக் கொடுக்கின்றன. துளையை அடைப்பதில்லை. அதனால் கீழிருந்து வரும் நீராவி தடையின்றி வெளியேறும், மேலிருந்து வரும் நீர் உள்ளே போகாது. சிலேன் மூலக்கூறு சிறியது, அடர்த்தியான நல்ல கான்கிரீட்டிலும் சில மில்லிமீட்டர் இறங்கும். சிலாக்சேன் கொஞ்சம் பெரியது, சொரசொரப்பான பழைய தளத்துக்கும் கான்கிரீட் பிளாக் சுவருக்கும் பொருந்தும். இரண்டும் கலந்தும் கிடைக்கிறது. பூசிய பிறகு நிறம் மாறாது, மினுமினுப்பு வராது. 'காசு கொடுத்துப் பூசியும் ஒன்றும் தெரியவில்லையே' என்று பலர் ஏமாற்றமடைவது இதில்தான். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் இதன் சிறப்பு. மேலே படலம் இல்லை, எனவே உரிவதற்கும் ஒன்றுமில்லை.

சிலிகேட் வேறு. சோடியம் சிலிகேட்டும் லித்தியம் சிலிகேட்டும் கான்கிரீட்டில் இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து மேற்பரப்பை இறுக்குகின்றன. தேய்த்தால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும் தரைகளுக்கு இது நல்ல மருந்து. ஆனால் தண்ணீரை விரட்டாது. மழையில் நனையும் தளத்துக்கு சிலிகேட்டை மட்டும் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

படல வகையில் அக்ரிலிக், எபாக்சி, பாலியூரித்தேன் மூன்றும்தான் அதிகம் புழங்குகின்றன. அக்ரிலிக் மலிவு, வெயிலில் மஞ்சளாகாது, பூசுவது எளிது. ஆனால் வெளித்தளத்தில் பொதுவாக ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் மறுபடி பூச வேண்டிவரும். கார் டயர் சூட்டில் அது இளகி, டயரோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரும். எபாக்சி இரும்பு போல நிற்கும், ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகி மாவு பூத்துவிடும். அதனால் கூரைக்கு உள்ளே மட்டும். வெயில் படும் இடத்தில் எபாக்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அதன் மேல் வெயில் தாங்கும் அலிஃபாடிக் பாலியூரித்தேன் ஒரு கோட் போட்டாக வேண்டும்.

என் தீர்ப்பு இது: மழையும் வெயிலும் படும் நடைபாதை, வாசல் தளம், கார் நிற்கும் திறந்தவெளி ஆகியவற்றுக்கு சிலேன்-சிலாக்சேன். உள்ளே கார் நிறுத்தும் அறைக்கு எபாக்சி. அச்சு பதித்த, நிறமேற்றிய அலங்காரத் தளத்துக்கு அக்ரிலிக், ஏனென்றால் நிறத்தைத் தூக்கிக் காட்ட அதுதான் வேண்டும். பளபளப்பு வேண்டும் என்பதற்காக மட்டும் சாதாரண வெளித்தளத்தில் அக்ரிலிக் பூசுவது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலையை விலைக்கு வாங்குவது.

மொட்டை மாடி ஒழுகுகிறது என்று சீலர் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சீலர் வேறு, வாட்டர்புரூஃபிங் வேறு. தேங்கி நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை சிலேன் தாங்காது, விரிசலையும் அது மூடாது. ஒழுகும் கூரைக்கு விரிசல் அடைப்பும் சரிவும் நீட்சி உள்ள மெம்ப்ரேன் என்னும் நீர்த்தடுப்புப் படலமும்தான் வழி.

இனி தயாரிப்பு. சீலர் உரிந்தது, வெளுத்தது, கொப்பளித்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் டப்பாவில் இருப்பதில்லை, தரையில்தான் இருக்கும். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் விடுங்கள். முதல் சில நாட்களில் ஈரம் காக்க கியூரிங் காம்பவுண்ட் அடித்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெழுகு சார்ந்த காம்பவுண்ட் என்றால் அதை எடுக்காமல் எந்த சீலரும் பிடிக்காது. பழைய தளத்தில் முன்பு என்ன பூசியிருக்கிறது என்று தெரியாவிட்டால், சைலீன் என்ற கரைப்பானில் நனைத்த துணியை ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அக்ரிலிக். அசையவே இல்லை, ஆனால் தண்ணீரும் இறங்கவில்லை என்றால் எபாக்சியோ பாலியூரித்தேனோ இருக்கும். அதை கிரைண்டர் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய்க் கறையை டீகிரீசர் என்னும் எண்ணெய் நீக்கி போட்டு, கெட்டி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய இடத்தில் தண்ணீர் இன்னும் திரண்டு நின்றால் எண்ணெய் போகவில்லை, மறுபடி தேயுங்கள். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். எடுத்ததும் தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும். உப்பு பூத்ததன் மேல் படல சீலர் போட்டால் அது படலத்துக்கு அடியிலேயே வெள்ளையாக நின்றுவிடும், பிறகு துடைக்கவும் முடியாது.

எபாக்சி போன்ற படலம் பிடிக்க மேற்பரப்பு நுண்மணல் தாள் போல லேசாகச் சொரசொரத்திருக்க வேண்டும். வைரக்கல் பொருத்திய கிரைண்டர்தான் இதற்குச் சிறந்தது. கிளம்பும் தூசியில் சிலிக்கா உண்டு, எனவே என்-95 முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் கட்டாயம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி அரிக்க வைப்பது பழைய வழி. செய்தே ஆக வேண்டுமென்றால் தளத்தை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். 1 பங்கு அமிலத்துக்கு 10 பங்கு தண்ணீர். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். நுரைத்து அடங்கியதும் சமையல் சோடா கரைத்த நீரால் முறித்து, இரண்டு மூன்று முறை அலசி, ஈரமாக இருக்கும்போதே லிட்மஸ் தாள் வைத்துப் பாருங்கள். மிச்ச அமிலம் சீலரைப் பிடிக்க விடாது, குளோரைடு கம்பிக்கும் ஆகாது. ஊடுருவும் சீலருக்கு இவ்வளவு தேவையில்லை. பிரஷர் வாஷரில் அகல விசிறி முனை போட்டு, தளத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் பிடித்து ஒரே சீராகக் கழுவினால் போதும்.

அடுத்தது ஈரம். கழுவிய பிறகு குறைந்தது 24 மணி நேரம் நன்றாகக் காய வேண்டும், நிழல் விழும் மூலைகளுக்கு 48. படல சீலர் என்றால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள்: 18 அங்குலச் சதுரமான தடித்த பிளாஸ்டிக் தாளை நேர்வெயில் படாத இடத்தில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது தாளுக்கு அடியில் துளி கோர்த்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்தத் தளத்தில் எபாக்சி கொப்பளிக்கும். காத்திருந்து மறுபடி சோதியுங்கள், அல்லது ஊடுருவும் வகைக்கு மாறுங்கள்.

மயிரிழை விரிசல்களை ஊடுருவும் சீலர் பூசும்போது அப்படியே விடலாம். அகலமானவற்றை முதலில் அடைக்க வேண்டும். கன்ட்ரோல் ஜாயிண்டில் சிமெண்டைத் திணிக்காதீர்கள். அந்த இடைவெளி அசைவதற்காகவே விடப்பட்டது. உள்ளே பேக்கர் ராடு என்னும் நுரைக் கயிற்றை வைத்து மேலே பாலியூரித்தேன் சீலன்ட் (நீளும் அடைப்புப் பசை) போடுங்கள்.

எவ்வளவு வாங்குவது? ஊடுருவும் சீலர் 1 லிட்டர், தளம் உறிஞ்சுவதைப் பொறுத்து 40 முதல் 65 சதுர அடி வரை வரும். 400 சதுர அடிக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, சொரசொரப்பான தளமென்றால் 10 ஆக்குங்கள். அக்ரிலிக் முதல் கோட் லிட்டருக்கு 60, இரண்டாவது 75 சதுர அடி என்று கணக்கிட்டால் அதே இடத்துக்கு இரண்டு கோட்டுக்கும் சேர்த்து 12 லிட்டர். சீலர் விலையை ஒப்பிடும்போது டப்பா அளவைப் பார்க்காதீர்கள், செயல்படும் பொருள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 40 சதவீதம் சிலேன் உள்ளதும் 7 சதவீதம் உள்ளதும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் ஒரே பேச்சோடு நிற்கும்.

சிலேன் பூசுவது மிக எளிது. அழுத்த ஸ்பிரேயரில் விசிறி முனை போட்டு, தாழ்வான ஓரத்திலிருந்து தொடங்கி, தளம் முழுக்க நனைந்து சில நிமிடம் ஈரமாகவே நிற்கும் அளவுக்கு அடியுங்கள். கரைப்பான் சார்ந்ததென்றால் சாதாரண ஸ்பிரேயரின் ரப்பர் வாஷர் ஊதிப்போகும், கரைப்பான் தாங்கும் விட்டான் ரப்பர் வாஷர் உள்ளதாகப் பாருங்கள். இரண்டாவது கோட் தேவையென்றால் முதலாவது காய்வதற்குள் அடிக்க வேண்டும். காய்ந்தபின் அடித்தால் முதல் கோட்டே இரண்டாவதை விரட்டும். 10, 15 நிமிடத்துக்குப் பிறகும் தேங்கி நிற்பதைத் துடைப்பத்தால் பரப்பிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே பிசுக்குக் கறை விழும். கண்ணாடியையும் செடிகளையும் முன்பே மூடிவிடுங்கள். சிலிகேட் தெறித்துக் காய்ந்தால் கண்ணாடியில் அழியாத தடம் விழும்.

அக்ரிலிக்கில் எதிரி தடிமன். 75 சதுர அடிக்கு 1 லிட்டர் பரப்பினால் ஈரப்படலம் சுமார் 140 மைக்ரான். கொள்ளளவில் 25 சதவீதம் திடப்பொருள் என்றால் காய்ந்ததும் சுமார் 35 மைக்ரான்தான் மிஞ்சும். 'இவ்வளவு மெல்லிசா?' என்று தாராளமாக ஊற்றுகிறவர்கள்தான் கொப்புளத்தையும் வெண்மையையும் சந்திக்கிறார்கள். மேல் பகுதி முதலில் காய்ந்து தோலாகிவிடும், உள்ளே இருக்கும் கரைப்பானும் நீராவியும் வெளியேற வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும். வெயில் நேரத்தில் பூசினால் இன்னும் மோசம். தளம் சூடேறும்போது துளைகளில் இருக்கும் காற்று விரிந்து ஈரப்படலத்தைக் குமிழாக ஊதும். தளத்தின் வெப்பம் இறங்கத் தொடங்கும் பிற்பகலில் பூசுங்கள். ஆனால் இரவுப் பனி விழுவதற்குள் காய்ந்துவிட வேண்டும். தளத்தின் வெப்பநிலை 10 முதல் 32 டிகிரி செல்சியசுக்குள்ளும், பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலேயும் இருக்கட்டும். அடுத்த 24 மணி நேரத்தில் மழை வரும் என்றால் தள்ளிப்போடுங்கள்.

கரைப்பான் சார்ந்த அக்ரிலிக் வெளுத்துப்போனாலோ குமிழ் விட்டாலோ உடனே சுரண்டத் தேவையில்லை. நன்றாக உலர்ந்த நாளில் ரோலரால் மெல்லிய கோட் சைலீன் ஓட்டினால் படலம் இளகி மீண்டும் படியும். பல சமயம் இதுவே போதும். மூடிய இடத்தில் இதைச் செய்யக் கூடாது. எரியும் அடுப்போ பைலட் சுடரோ அருகில் இருக்கக் கூடாது. கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும், சாதாரணத் துணி முகமூடியால் பயனில்லை. எபாக்சிக்கும் பாலியூரித்தேனுக்கும் இந்த வைத்தியம் எடுபடாது.

படல சீலர் எதுவானாலும் ஈரத்தில் வழுக்கும். சரிவான பாதை, படிக்கட்டு, தண்ணீர் சிந்தும் இடங்கள் என்றால் கடைசிக் கோட்டில் நுண்ணிய பாலிமர் துகளோ அலுமினியம் ஆக்சைடு துகளோ கலந்து, பூசும்போது அடிக்கடி கிளறிக்கொண்டே இருங்கள், துகள் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

நடப்பதற்கு ஒரு நாள், காரை ஏற்றுவதற்கு டப்பாவில் போட்டிருப்பதோடு இன்னும் ஒரு நாள் கூடுதலாகவே விடுங்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை அதே குவளைத் தண்ணீர்ச் சோதனை போதும். சிலேன் தளம் பொதுவாக 5 முதல் 10 ஆண்டு தாங்கும். தண்ணீர் மீண்டும் உள்ளே இறங்கத் தொடங்கியதும், தளத்தைக் கழுவி உலரவிட்டு மறுபடி அடித்தால் ஆயிற்று. அக்ரிலிக்கில் தேய்ந்த இடத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய கோட் போதும், ஒவ்வொரு வருடமும் முழுத் தளத்துக்கும் ஏற்றிக்கொண்டே போனால் ஐந்தாறு கோட்டில் அது மங்கலாகவும் பிளாஸ்டிக் போலவும் ஆகி, கடைசியில் எல்லாவற்றையும் ஸ்ட்ரிப்பர் போட்டு உரிக்க வேண்டிவரும். பூசிய பொருளின் பெயர், நீர் சார்ந்ததா கரைப்பான் சார்ந்ததா, தேதி ஆகிய மூன்றையும் எங்காவது எழுதி வையுங்கள். நீர் சார்ந்த அக்ரிலிக்கின் மேல் கரைப்பான் சார்ந்ததைப் பூசினால் கீழே இருப்பது சுருங்கி மடங்கலாம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், யாரும் பார்க்காத ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி பூசி, இரண்டு நாள் பொறுத்து, டேப் ஒட்டி இழுத்துப் பார்த்த பிறகே மற்ற இடத்தில் கை வையுங்கள்.