நாற்பது வயதில் ஸ்கேட்போர்டு: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 7, 2025, சனி

பொம்மைக் கடையில் தொங்கும் போர்டு பெரியவர்களுக்கு ஆகாது. அதன் ட்ரக்கில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தில், பாதி பிளாஸ்டிக். 75 கிலோ ஏறி நின்றால் திரும்பவே திரும்பாது. ஏழு அடுக்கு மேப்பிள் மர டெக்காக (ஏறி நிற்கும் பலகை) பார்த்து வாங்க வேண்டும். அகலம் எட்டேகால் அங்குலம், கால் பெரிதென்றால் எட்டரை. ட்ரக்கின் அச்சு நீளமும் டெக்கின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது புஷிங்கை. ட்ரக்கோடு வரும் ரப்பர் போன்ற அந்த வளையங்கள் பெரும்பாலும் 90ஏ கடினத்தில் இருக்கும் (எண் கூடினால் கடினமும் கூடும்). எடை கூடியவர் அதில் நின்றால் போர்டு இரண்டு பக்கமும் சாய்ந்து ஆடும். ஆட்டத்தை நிறுத்த, ட்ரக்கின் நடு போல்ட்டான கிங்பின்னின் நட்டை முறுக்கிக்கொண்டே போனால் புஷிங் பிதுங்கி, ஓரத்தில் வெடிக்கும். அதற்கு 94ஏ அல்லது 96ஏ புஷிங் மாற்றிவிடலாம். விலை குறைவு, பலன் பெரிது.

சக்கரம் எங்கே ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. வழவழப்பான ஸ்கேட் பார்க்குக்கு 54 மி.மீ. விட்டம், 99ஏ கடினம். நம் தெருவுக்கு அது சரிப்படாது. ஒரு ஜல்லித் துணுக்கு முன்சக்கரத்தில் மாட்டினால் போர்டு அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் முன்னால் போவார். தெருவுக்கு 58 மி.மீ., 78ஏ போன்ற மென்சக்கரம். ஆனால் பெரிய சக்கரம் திருப்பத்தில் டெக்கின் அடியை உரசி நின்றுவிடும். ட்ரக்குக்கும் டெக்குக்கும் இடையில் அரைக்கால் அங்குல ரைசர் (உயர்த்தும் தகடு) வையுங்கள். அப்போது ட்ரக்கை டெக்கோடு பிணைக்க ஒன்றேகால் அங்குல போல்ட் வேண்டியிருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்பேனர் விஷயம். ஸ்கேட்போர்டு நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அச்சு நட்டு அரை அங்குலம். வீட்டிலிருக்கும் 13 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். கிங்பின் நட்டு 9/16 அங்குலம். அதற்கு 14 மி.மீ. நுழையாது, 15 வழுக்கி முனையைத் தேய்த்துவிடும். ஸ்கேட் டூல் ஒன்று தனியாக வாங்கிவிடுவதே நல்லது. அச்சு நட்டை முழுக்க இறுக்கி, பிறகு சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் மெல்ல 'டிக்' என்று கேட்கும் அளவுக்குத் தளர்த்த வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

தள்ளுவதற்கு முன் விழப் பழகுங்கள். புல்தரையில் பத்து நிமிடம் போதும். முழங்காலை மடக்கி உடலைத் தாழ்த்தி, முகவாயை நெஞ்சோடு சேர்த்து, தோள் வழியாக உருள வேண்டும். கையை நேராக நீட்டி ஊன்றினால் மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். ஆரம்பத்தில் உடைவது பெரும்பாலும் அங்கேதான். இந்த வயதில் அந்த எலும்பு ஒன்றுசேர ஆறு வாரம் கேட்கும். ரிஸ்ட் கார்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெட்டில் இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை ஒரே பெரிய அடிக்கானது. அடி வாங்கியதும் மாற்றிவிட வேண்டும்.

தள்ளும்போது முன்கால் முன் போல்டுகள் மேல், விரல்கள் போகும் திசையில். எடை முழுவதும் அந்தக் காலில். பயத்தில் உடல் பின்னால் சாய்ந்தால் போர்டு முன்னால் பாய்ந்துவிடும்.

ஜூலை 12, சனி

சரிவில் இறங்குவது, அதாவது டிராப் இன். பெரியவர்கள் அதிகம் தயங்கும் இடம். இரண்டு மூன்றடி உயர குவார்ட்டர் பைப்பில் (வளைந்த சரிவு மேடை) தொடங்கலாம்.

டெயிலை, அதாவது போர்டின் பின்முனையை, சரிவின் உச்சியில் உள்ள விளிம்புக் குழாயில் பதித்துப் பின்காலால் அழுத்தி நிற்க வேண்டும். முன்சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும். முன்காலை முன் போல்டுகள் மேல் வைத்து ஒரே மிதி. முன்சக்கரம் சரிவில் 'டக்'கென்று மோதும் வரை அந்தக் காலை விடக்கூடாது. தோள்கள் சரிவுக்கு இணையாகச் சாய்ந்திருக்கட்டும். பாதி மிதித்து மனம் மாறுவதுதான் ஆபத்து. எடை பின்னால் நிற்க, போர்டு மட்டும் நழுவும், இடுப்பெலும்பில் விழுவோம். முழுதாக மிதித்து முன்னால் விழுந்தால்கூட முழங்கால் பேட் தாங்கிக்கொள்ளும். எனவே இன்று மனம் தயாரில்லை என்றால் ஏறவே வேண்டாம்.

வயது தடையா என்று கேட்பவர்களுக்கு: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பார்க் பிரிவில் பிரிட்டனுக்காக இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு அப்போது 51 வயது. அதே பாரிஸில் சீனாவின் ஜெங் ஹாவ்ஹாவுக்கு வயது 11. ஒரே விளையாட்டில் இந்த இடைவெளியை நினைத்தாலே சிலிர்க்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆலி, அதாவது கையால் தொடாமல் போர்டோடு சேர்ந்து குதிப்பது. பின்காலின் முன்பாதம் டெயிலின் நடுவில், முன்கால் முன் போல்டுகளுக்குச் சற்றுப் பின்னால். டெயிலைத் தரையில் தட்டும் கணத்திலேயே குதித்துவிட வேண்டும். தட்டிவிட்டு அப்புறம் குதித்தால் போர்டு எழாது. முன்பாதத்தின் வெளிஓரம் டெக்கின் மேல் ஒட்டிய சொரசொரப்பான கிரிப் டேப்பை உரசிக்கொண்டு போர்டின் மூக்கு (முன்முனை) வரை போகும். அந்த உரசல்தான் பின்பகுதியைத் தூக்கி மட்டமாக்குகிறது. அது இல்லையென்றால் போர்டு ராக்கெட்போல செங்குத்தாக நிற்கும். காற்றில் போர்டு பக்கவாட்டில் திரும்புகிறதா? காலைத் திட்ட வேண்டாம், தோளைப் பாருங்கள். தோள் திறந்தால் போர்டும் திரும்பும். இறங்கும்போது கால்கள் போல்டுகள் மேல். நடுவில் இறங்கினால் டெக் உடையும்.

ஒரு நாளைக்கு நாற்பது ஆலி போதும். மறுநாள் குதிகால் தசைநார் இழுத்தால் இரண்டு நாள் ஓய்வு.

அக்டோபர் 18, சனி

மழை தொடங்கிவிட்டது. கோவளம் பார்க்கில் ஓட்டுபவர்களுக்கு உப்புக்காற்று வேறு. ஈரமான டெக்கின் அடுக்குகள் பிரிந்து, தட்டும்போது விறைப்பு இருக்காது. காயும்வரை தொடாமல் வைக்கலாம்.

பேரிங்கைக் கவனிக்க இதுவே நேரம். எல்லாம் 608 அளவுதான்: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22. சக்கரத்தை அச்சின் நுனியில் மாட்டி நெம்பினால் பேரிங் கழன்றுவிடும். ஷீல்டை (பேரிங்கின் மூடித்தகடு) ஊசியால் எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குலுக்கி, முழுக்கக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் இருக்கும் மசகும் போய்விடும். குண்டுகளில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் பேரிங்கையே மாற்றுங்கள். திரும்ப மாட்டும்போது ஷீல்டு உள்ள பக்கம் வெளியே பார்த்திருக்கட்டும்.